பிடித்தம்

மார்ச் மாதச் சம்பளச் சீட்டில்
ஒரு வரி கூடியிருந்தது.
சேர்த்தவள் நான்தான்.
ராஸ்காமன் கவுன்டி கவுன்சில், இரண்டாம் மாடி,
ஒழுகும் ஹீட்டருக்குப் பக்கத்து மேசை.
டப்ளினிலிருந்து வந்த சுற்றறிக்கையில்
சட்டத்தின் பெயரே மூன்று வரி நீளம்.
கணினியில் ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
வெட்டி வெட்டிப் பார்த்ததில்
'அவசரம்' மட்டும் மிஞ்சியது.

எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அதைப் போட்டேன்.
அகரவரிசையில் என் முறை வந்தபோது
மணி நாலே கால்.
டீ ஆறியிருந்தது.

மறுநாள் ஃபோன் ஓயவில்லை.
ஓய்வூதியத்துக்குத்தான் ஏற்கனவே பிடிக்கிறீர்களே
என்றாள் நூலகத்து அட்ராக்டா.
இது அதற்காக இல்லை, அதன் பேரால், என்றேன்.
நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருப்பவள்,
அந்த வாக்கியத்தை
இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்து ஃபின்டன் பிரெஹனி கேட்டார்:
இந்த வருஷம் சாவு குறைஞ்சிருக்கா?
இல்லை, குழியின் ஆழத்தை
நான் குறைச்சுக்கலாமா?

யாரோ குடித்த குடிக்கு
எங்கள் மேசைக்கு வந்தது பில்.
வங்கிகளின் பெயரைச் சத்தமாகச் சொல்லவும் கூச்சம்;
வீட்டுக்கடன் அங்கேதான்.

கசாப்புக் கடை வரிசையில் ஒருத்தி சொன்னாள்,
உங்களுக்காவது வேலை இருக்கே.
அவள் கணவன் பூச்சு வேலைக்காரன்.
பிப்ரவரியில் பெர்த்துக்கு விமானம் ஏறினான்,
கரணையைத் துணியில் சுற்றிக்கொண்டு.
அவள் சொன்னதில் பொய் இல்லை.
அதனால்தான் இந்தக் கோபத்தை
எங்கேயும் எடுத்து வைக்க முடியவில்லை.
கோட்டுப் பையில் சில்லறையோடு சில்லறையாக
அதுவும் கிடந்தது.
அரை கிலோ மாட்டுக்கறி என்று கேட்க வந்தவள்
கால் கிலோ என்றேன்.

ஆபத்துக்குப் பாவமில்லை, சரி.
ஆபத்து என்றால் என்னவென்று
தீயணைப்பு நிலையத்து மலாக்கி ஃபீரிக்குக்குத் தெரியும்.
இடுப்புப் பெட்டி கத்தும்.
தட்டில் உருளைக்கிழங்கு அப்படியே இருக்கும்,
ஆள் இருக்க மாட்டார்.
அணைந்ததும் குழாயில் நீர் வடித்து
உலர்த்திச் சுருட்டி வைப்பார்.
'அவ்வளவுதான் அவசரம்,' என்றார் என்னிடம்,
'யாரும் குழாயைத் திறந்து விட்டுட்டு
பத்து வருஷம் போக மாட்டாங்க.'

ஜனவரியில் இன்னொரு வெட்டு.
பிறகு ஒன்று, பணி நேரத்தைக் கூட்டி.
ஒவ்வொரு தாளிலும் 'தற்காலிகம்'.
அந்தச் சொல்லை அடித்து அடித்து
விசையில் ஓர் எழுத்து தேய்ந்தே போனது.

அப்புறம் ஓய்வு பெற்றவர்களின் பட்டியல்.
திருமதி டான்ஸி நேரில் வந்தார்,
மழைக்கோட்டைக் கழற்றாமலே நின்றார்.
கணவர் கான், இந்த மாவட்டத்துப் பனிச்சாலைகளில்
முப்பத்தெட்டுக் குளிர்காலம் உப்புத் தூவியவர்.
இப்போது விதவைப் பங்கில் பிடித்தம்.
சீட்டில் என் விரலுக்கு மேலே
தன் விரலை வைத்துக் கேட்டார்:
'செத்தவருக்கு என்னம்மா அவசரம்?'

கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று இருந்தது.
எழுதிக் கொடுத்தேன்.
வேறு என்ன செய்திருக்கலாம் என்று
இன்றைக்கும் சில நாள்
கார் நிறுத்தத்தில் யோசிக்கிறேன்.

பத்தாம் வருடம் புதுச் சுற்றறிக்கை.
அவசரம் முடிந்துவிட்டதாம்.
கீழே, சின்ன எழுத்தில்:
அந்த வரியை நீக்க வேண்டாம்.
பெயரை மட்டும் மாற்றவும்.

மாற்றினேன். தொகை சற்று இறங்கியிருந்தது,
வரி அதே இடத்தில்.
மலாக்கிக்கு ஃபோன் செய்தேன்.
'அணைஞ்சிருச்சா?' என்றார்.
'பேர் மாறியிருக்கு' என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவர் பக்கம் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது,
எடுத்து ஊற்றுவதாகத் தெரியவில்லை.